தரீஃபாவில் கைட்சர்ஃபிங்: கற்றுக்கொள்ள எந்தக் காற்று, எந்தக் கரை?

மணல்மேடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மாட்ரிட்டில் வேலை செய்கிறேன், ஸ்பெயின் வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. ஆகஸ்டில் ஒன்பது நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது, ஸ்பெயினின் தென்முனையில் இருக்கும் தரீஃபாவுக்குப் போய் கைட்சர்ஃபிங், அதாவது பெரிய பட்டம் இழுக்கக் கடலில் பலகைமேல் நின்று சறுக்குவது, கற்றுக்கொள்ள வேண்டும். போன மாதம் ஒரு சனி ஞாயிறு பார்த்துவிட்டு மட்டும் வரலாம் என்று போனேன், அதிலிருந்து வேறு நினைப்பே இல்லை. வால்தேவகேரோஸ் கடற்கரையில் சாயங்காலம் நின்று வானத்தில் இருந்த கைட்களை எண்ணினேன், எண்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. எதிரே மொராக்கோவின் மலை, பின்னால் பைன் மரங்களை விழுங்கிக்கொண்டிருக்கும் பெரிய மணற்குன்று, இப்படி ஓர் இடத்தை நான் பார்த்ததில்லை.

நீச்சல் நன்றாக வரும், ஆனால் ஆற்றில் பழகியது, கடல் எனக்குப் புதிது. எடை 74 கிலோ. அங்கே எல்லோரும் லெவாந்தே, பொனியெந்தே என்று இரண்டு காற்றைப் பற்றியே பேசுகிறார்கள். என்ன வித்தியாசம்? என்னோடு வேலை செய்பவர் ஒருவர் சொல்கிறார், லெவாந்தே அடிக்கும் நாளில் லோஸ் லான்செஸ் கடற்கரையில் தண்ணீர் தட்டுப் போலக் கிடக்கும், புதியவருக்கு அதுதான் சுலபம் என்று. சரிதானா? சொந்தமாக ஒரு கைட் வாங்கிவிட்டே போகலாமா?

ரைன்கரை எழுதியது:

தம்பி, வணக்கம். நான் ஜெர்மனியில் இருக்கிறேன், தரீஃபாவுக்கு ஒன்பது வருடமாகப் போய் வருகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வாங்க வேண்டாம். அதற்கு முந்திய கேள்விக்கு: அந்த நண்பர் சொன்னதைக் கேட்டு லோஸ் லான்செஸில் லெவாந்தே நாளில் தனியாக இறங்கவே வேண்டாம். ஏன் என்று வடிவாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

லெவாந்தே என்றால் ஞாயிறு எழும் திசையிலிருந்து வரும் காற்று, எங்கள் மொழியில் கொண்டல். பொனியெந்தே ஞாயிறு சாயும் திசையிலிருந்து வருவது, எங்கள் ஊர் கடற்றொழிலாளர் கச்சான் என்பார்கள். ஜிப்ரால்டர் நீரிணைக்கு இரண்டு பக்கமும் மலை, ஒடுங்கிய இடத்தில் கடல் 14 கிலோமீட்டர்தான். மத்தியதரைக் கடலிலிருந்து வரும் காற்று புனல் மாதிரி ஒடுங்கிய அந்த இடத்துக்குள் நெருக்கப்பட்டு வேகமெடுத்து, தரீஃபாவில் வெளியே பாய்கிறது. அதனால்தான் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இலை அசையாத நாளிலும் இங்கே 30 நாட் அடிக்கும். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர், அப்படியென்றால் 30 நாட் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். சில நாள் அதையும் தாண்டும். கோடையில் அது தரைமேல் வந்து சூடாக, காய்ந்து வரும், மணலை வாரிக் கணுக்காலில் ஊசி ஊசியாகக் குத்தும். தொடங்கினால் நாட்கணக்கில் நிற்காது.

பொனியெந்தே அட்லாண்டிக்கிலிருந்து தடையில்லாமல் வருகிறது. குளிர்ச்சி, சீரான காற்று, பெரும்பாலும் 15 முதல் 20 நாட். கரையை நோக்கிச் சாய்வாக அடிக்கும், அதனால் அலை இருக்கும், உப்புத் தண்ணீர் குடிப்பீர்கள், ஆனால் என்ன பிழை விட்டாலும் அது உங்களைக் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். புதியவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

இப்போது அந்தத் "தட்டுப் போன்ற தண்ணீர்". லோஸ் லான்செஸில் லெவாந்தே தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிறது. அலை எழும்ப வேண்டுமென்றால் காற்று தண்ணீர்மேல் கொஞ்சத் தூரமாவது ஓட வேண்டும். கரையோரம் அந்த ஓட்டம் இல்லாததால்தான் தண்ணீர் சமமாகக் கிடக்கிறது. அந்தச் சமதளமே காற்று உங்களை வெளியே தள்ளும் என்பதற்கு அடையாளம். 300 மீட்டர் தாண்டுங்கள், அங்கே அலை தொடங்கும், திரும்பிப் பார்த்தால் கரை சின்னதாகத் தெரியும்.

முத்துநகர் எழுதியது:

ரைன்கரை அண்ணன் சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். கைட்டின் இழுவிசை காற்றின் வேகத்தோடு நேராக ஏறாது, வர்க்கமாக ஏறும். 15 நாட் 30 ஆனால் இழுப்பு இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். லெவாந்தே மலைமேல் உருண்டு வருவதால் சீராக இருக்காது, 20 நாட் அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று 35க்கு ஒரு வீச்சு வரும், அந்த ஒரு வீச்சில் இழுப்பு மூன்று மடங்கு. 74 கிலோ ஆளுக்கு 18 நாட் காற்றில் 12 சதுர மீட்டர் கைட் போதும், அதே ஆளுக்கு 30 நாட்டில் 7 சதுர மீட்டர். தரீஃபாக்காரர்கள் காரில் மூன்று அளவு வைத்திருப்பது இதனால்தான். நீங்கள் இப்போது ஒன்றை வாங்கினால் ஒன்பது நாளில் ஆறு நாள் அது பைக்குள்தான் கிடக்கும்.

நான் தூத்துக்குடியில் கற்றவன். எங்களுக்கு அமைந்தது ஆழமில்லாத தண்ணீர், விழுந்தால் எழுந்து நிற்கலாம். அப்படி இடுப்பளவு தண்ணீரில் முதல் நாலு நாள் பழகியவன் என்பதால் சொல்கிறேன், காலுக்குத் தரை எட்டுவது புதியவருக்குப் பெரிய தைரியம். தரீஃபாவில் அந்த வசதி குறைவு, கொஞ்சம் உள்ளே போனாலே ஆழம். இலங்கைக்குப் போக வாய்ப்பிருந்தால் கற்பிட்டி நல்ல இடம், களப்பு, மே முதல் அக்டோபர் வரை காற்று நிற்காது. ஆனால் நீங்கள் இருப்பது ஸ்பெயினில், அதனால் தரீஃபாவிலேயே எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

உப்புக்காத்து எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. லெவாந்தே என்றாலே பேய் மாதிரிப் பேசுகிறீர்கள். தரீஃபா இந்த அளவுக்கு வளர்ந்ததே அந்தக் காற்றால்தான். 80களில் விண்ட்சர்ஃபிங் ஆட்கள் வேனில் வந்து தங்கத் தொடங்கியதும் அதற்காகத்தான். நான் கற்றதும் லெவாந்தேயில்தான், வால்தேவகேரோஸில். அங்கே கரை வளைந்து மணற்குன்று வரை போகிறது, கிழக்கிலிருந்து வரும் காற்று கரைக்குக் குறுக்காக அடித்து உங்களை அந்தக் குன்றுப் பக்கமாகத்தான் ஒதுக்கும். சமமான தண்ணீரில் ஒரே நாளில் போர்டில் எழுந்து நின்றேன். பொனியெந்தேயில் அலை மூஞ்சியில் அடித்துக்கொண்டிருக்க, கைட்டைப் பார்ப்பதா அலையைப் பார்ப்பதா என்று திணறுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்பது நாளில் ஐந்து நாள் லெவாந்தே அடித்தால் அந்த ஐந்து நாளும் இவர் அறையில் உட்கார வேண்டுமா?

ரைன்கரை எழுதியது:

வால்தேவகேரோஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. கரையை ஒட்டி இருக்கும் வரை குன்றுப் பக்கம் ஒதுங்கலாம். கொஞ்சம் வெளியே போய்விட்டால் புந்தா பலோமா முனையைத் தாண்டி அட்லாண்டிக்தான். நான் பேசியது லோஸ் லான்செஸைப் பற்றி.

என் கதையைச் சொல்கிறேன், இதுவரை இங்கே எழுதியதில்லை. மூன்றாவது வருடம், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்திருந்த காலம். செப்டம்பர், லெவாந்தே 22 நாட் என்று காட்டியது, லோஸ் லான்செஸில் தண்ணீர் கண்ணாடி. 9 மீட்டர் கைட்டோடு இறங்கினேன், கரையில் எனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருபது நிமிடம் சொர்க்கம். பிறகு கைட் தண்ணீரில் விழுந்தது. கைட்டின் முன்விளிம்பில் இருக்கும் காற்றடைத்த குழாயில் காற்று கசிந்திருக்கிறது, மறுபடி எழும்பவில்லை. சரி, சுய மீட்பு செய்வோம் என்று படித்தபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். கைட்டின் இழுப்பைச் சட்டென்று விடுவிக்கும் க்விக் ரிலீஸைத் தட்டினேன், ஒற்றைக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பாரில் (கையில் பிடிக்கும் கட்டையில்) சுற்றினேன், கைட் வரை போய் அதைப் புரட்டி இரண்டு நுனியையும் பிடித்துப் பாய் மாதிரி விரித்தேன். எல்லாம் சரியாகவே செய்தேன் தம்பி. ஆனால் பாய் காற்று போகும் பக்கம்தானே போகும். காற்று கடலுக்குப் போகிறது. நான் செய்த சுய மீட்பு என்னை இன்னும் வேகமாக வெளியே கொண்டுபோனது. அது புரிந்த நிமிடத்தை இப்போது நினைத்தாலும் கை குளிர்கிறது. பாயை மடக்கிவிட்டு, பாதிக் காற்று இருந்த கைட்மேல் படுத்து, அதை மிதவையாக வைத்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி பார்த்து அவசர உதவி எண்ணான 112க்கு அழைத்திருக்கிறார். படகு வர ஐம்பது நிமிடம். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றி வளர்ந்தவன் நான். தைப்பொங்கலுக்கு ஆள் உயரப் பட்டம் கட்டி, முச்சையை, அதாவது பட்டத்தின் முகத்தில் கட்டும் கயிற்றை, ஒரு விரல் ஏற்றி இறக்கினால் பட்டம் எப்படி நிமிரும், எப்படிக் குத்தும் என்பது ஐந்து வயதிலேயே தெரியும். கைட்சர்ஃபிங்கில் பாரைத் தள்ளுவதும் இழுப்பதும் அதே வேலைதான், பறக்கும்போதே முச்சைக் கோணத்தை மாற்றுகிறோம், அவ்வளவுதான். காற்று எனக்குப் பழக்கம் என்ற அந்த நம்பிக்கையோடுதான் அன்று இறங்கினேன். பட்டம் அறுந்தால் பட்டம்தான் போகும், இங்கே அறுந்தால் ஆளும் சேர்ந்து போகிறான்.

உப்புக்காத்து எழுதியது:

அண்ணா, இதைப் படித்து மனம் கலங்கிவிட்டது. லோஸ் லான்செஸ் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மீட்புப் படகு வைத்திருக்கும் பள்ளியோடு, வால்தேவகேரோஸில், 25 நாட்டுக்குக் கீழே லெவாந்தேயில் கற்பது தவறு என்று இன்னமும் நினைக்கவில்லை. தம்பி பள்ளியில் பணம் கட்டும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்கட்டும்: "உங்கள் படகு எங்கே, இன்று தண்ணீரில் இருக்கிறதா?" கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் படகு படகாகாது.

இன்னொன்று, லெவாந்தே தரீஃபாவில் அளவுக்கு மீறிப் போனால் பல பள்ளிகள் மாணவர்களை வேனில் ஏற்றி அல்ஹெசிராஸ் விரிகுடாவில் இருக்கும் பல்மோனஸுக்குக் கூட்டிப்போகும். அங்கே அதே கிழக்குக் காற்று கரையை நோக்கி வரும், வேகமும் குறைவு. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெய்தல் எழுதியது:

எல்லோரும் காற்றைப் பற்றியே பேசுகிறீர்கள், கரையைப் பற்றி யாராவது சொல்ல வேண்டும். லோஸ் லான்செஸின் ஒரு பகுதி 1989 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கை இடம். ஹாரா ஆறு கடலில் சேருமிடத்தில் ஒரு சிறு காயல் இருக்கிறது, உப்புக்கொத்தி இனத்துப் பறவைகள் மணலிலேயே முட்டையிடும். தலைக்கு மேலே கைட் நகர்ந்தால் வல்லூறு என்று பயந்து முட்டையை விட்டு எழுந்துவிடும், வெயிலில் முட்டை வெந்துபோகும். அந்தப் பகுதியில் கைட் ஏற்றக் கூடாது. கோடையில் ஊருக்கு முன்னால் குளிப்பவர்களுக்கு ஒதுக்கிய இடத்திலும் கூடாது, தண்ணீருக்குப் போய் வரக் குறிக்கப்பட்ட வழி இருக்கும், அதன் வழியேதான் போக வேண்டும். பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள். 24 மீட்டர் கயிறு வேகத்தில் கத்தி மாதிரி, ஒரு குழந்தை குறுக்கே வந்தால் நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கரை இப்படியே இருப்பதும் தானாக நடந்ததில்லை. 2012இல் வால்தேவகேரோஸுக்குப் பின்னால் ஹோட்டல்களும் 350 வீடுகளும் கட்ட நகராட்சி ஒப்புதல் கொடுத்தது. சர்ஃபர்களும் ஊர்க்காரர்களில் ஒரு பகுதியும் எதிர்த்து நின்றார்கள், வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த நேரம், வேலை வேண்டும் என்று கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. பிறகு நீதிமன்றத்தில் அந்தத் திட்டம் ரத்தானது. நீங்கள் அன்று நின்று எண்ணினீர்களே, அந்த இடத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

பெண்கள் யாராவது இதைப் படித்துத் தயங்கினால்: ஹிசேலா புலிதோ 2004இல் தன் பத்தாவது வயதில் உலகப் பட்டம் வென்றவர், வளர்ந்தது தரீஃபாவில். கைட்டுக்கு வலுவைவிட நிதானம்தான் முக்கியம். இழுப்பு இடுப்பில் கட்டிய ஹார்னஸுக்குத்தான் போகிறது, கைக்குப் போவதில்லை.

மணல்மேடு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ரைன்கரை அண்ணா, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நேரில் வந்து கேட்டிருந்தாலும் இவ்வளவு கிடைத்திருக்காது. மூன்று பள்ளிக்கு எழுதி அந்தப் படகுக் கேள்வியைக் கேட்டேன். ஒன்று பதிலே தரவில்லை, ஒன்று "கவலைப்படாதீர்கள்" என்றது, மூன்றாவது பள்ளி படகின் படத்தோடு எந்தக் காற்றில் வகுப்பை நிறுத்துவோம் என்றும் எழுதியது. மூன்றாவதில் சேர்ந்துவிட்டேன். திரும்பி வந்து எழுதுகிறேன்.

மணல்மேடு எழுதியது:

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், மன்னியுங்கள்.

முதல் நாள் கரையில் சிறிய கைட்டோடு பயிற்சி. கடிகார முகம் மாதிரி வானத்தைப் பிரித்துச் சொன்னார்கள், தலைக்கு மேலே பன்னிரண்டு, அங்கே கைட் அமைதியாக நிற்கும், நடுவே கீழே இறக்கினால் முழு இழுப்பு. அன்று மாலையே லெவாந்தே தொடங்கிவிட்டது. நாலு நாள். அந்த நாலில் முதல் நாள் 38 நாட் என்று பள்ளியில் கருவியைக் காட்டினார்கள், வகுப்பு இல்லை. ஜன்னல் இடுக்கில் இரவெல்லாம் ஊளை, காலையில் கதவுக்கு உள்ளே ஒரு பிடி மணல். குன்றிலிருந்து மணல் சாலையை மூடி, இயந்திரம் வைத்து அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது நாள் சும்மா இருக்க முடியாமல் பொலோனியாவுக்குப் போனேன். கடற்கரைமேலேயே பயலோ கிளௌதியா என்ற ரோமானிய ஊரின் இடிபாடு, சூரை மீனை உப்பிட்ட தொட்டிகள் வட்ட வட்டமாக அப்படியே இருக்கின்றன. கருவாட்டு வாடை தெரிந்த நமக்கு அந்தத் தொட்டியைப் பார்த்தவுடன் தொழில் புரிந்துவிடும். திரும்பும் வழியில் வயலெல்லாம் பருந்துக் கூட்டம், செங்கால் நாரைகள் இன்னொரு பக்கம். ஆப்பிரிக்காவுக்குக் கடக்க வந்தவை, இந்தக் காற்றில் கடந்தால் அட்லாண்டிக்குக்கு அடித்துக்கொண்டு போய்விடும் என்று காத்திருக்கின்றன என்று பேருந்தில் ஒருவர் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அறையில் உட்கார்ந்திருப்பது கஷ்டமாகவே இல்லை.

மூன்றாவது நாள் பல்மோனஸ். கரையை நோக்கி வரும் காற்று, கைட்டைப் பிடித்தபடி தண்ணீரில் உடம்பால் இழுபட்டுப் போகும் பயிற்சி. நாலாவது நாள் சுய மீட்பு மட்டும், நானே கேட்டு மூன்று முறை செய்தேன். நுனியைப் பிடித்துப் பாயாக விரித்ததும் அது என்னைக் கரைக்கு இழுத்து வந்தது. அப்போது ரைன்கரை அண்ணாவின் நினைவுதான். இதே பாய், இதே கை, காற்றின் திசை மட்டும் மாறியிருந்தால்.

பயணத்தின் ஆறாவது நாள் காலையில் எழுந்தால் சத்தமே இல்லை. வானத்தில் நாரைகள் வட்டம் போட்டு ஏறி, ஒவ்வொன்றாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. மத்தியானம் பொனியெந்தே வந்தது, 16, 17 நாட். வால்தேவகேரோஸில் 12 மீட்டர் கைட். தலைக்கவசத்துக்குள் ரேடியோவில் பயிற்சியாளர் பேசிக்கொண்டே இருந்தார். நெய்தல் அக்கா சொன்ன மாதிரி கை வலிக்கவே இல்லை, அலை மட்டும் உப்புக்காத்து அண்ணன் சொன்ன மாதிரி மூஞ்சியிலேயே அடித்தது. அன்று பதினேழு முறை விழுந்தேன், போர்டில் நிற்கவில்லை. எட்டாவது நாள் மாலை எழுந்து நின்றேன். ஏழெட்டு நொடி இருக்கும். போர்டுக்குக் கீழே தண்ணீர் சர்ரென்று கிழியும் சத்தம் கேட்டது, அது வரை எனக்குக் காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. விழுந்து எழுந்து பார்த்தால் கரையிலிருந்து முப்பது மீட்டரில் நிற்கிறேன், தரை எட்டுகிறது.

இன்னும் காற்றுக்கு எதிராக ஏறி வர வரவில்லை, போகிற பக்கமே போகிறேன், பிறகு போர்டைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து வருகிறேன். அக்டோபரில் நாலு நாள் மறுபடி போகிறேன். அங்கே ஒருவர் பழைய 9 மீட்டர் கைட்டை விற்கிறார், மூன்று வருடப் பழசு. வாங்கலாமா?

முத்துநகர் எழுதியது:

ஏழெட்டு நொடிக்கு வாழ்த்துகள் தம்பி! கைட்டுக்கு: நேரில் போய்க் கெட்டியாகக் காற்றடித்து, இரண்டு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் தொட்டுப் பாருங்கள். தொய்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். ரைன்கரை அண்ணனை அன்று வெளியே கொண்டுபோனதும் அந்தக் கசிவுதானே. நாலு கயிறும் ஒரே நீளம் இருக்கிறதா என்று ஓர் ஆணியில் மாட்டி இழுத்துப் பாருங்கள், க்விக் ரிலீஸை மணலும் உப்பும் அடைத்திருக்கும், பத்து முறை தட்டிப் பாருங்கள். துணி கசங்கிய காகிதம் மாதிரி மெத்தென்று ஆகியிருந்தாலும் வேண்டாம்.

ரைன்கரை எழுதியது:

வாங்கினால் கைட்டில் உங்கள் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். கைட் மட்டும் தனியாக மிதந்து போனால் ஆள் தொலைந்தார் என்று நினைத்துத் தேடத் தொடங்குவார்கள், நீங்கள் கரைக்கு வந்துவிட்டால் உடனே 112க்குச் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் முதல் வாரம் நானும் அங்கே இருப்பேன். எந்த நாள் என்று எழுதுங்கள், பொனியெந்தேயாக இருந்தால் சேர்ந்து இறங்குவோம். கைட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிடிக்க ஒரு கை இருக்கும்.